விழுப்புரம் துறைமுகம், மூன்றாவது பிளாட்பாரம்!

"மாப்பிள்ளைக்கு ஹாபி ஏதாவது உண்டா?"

பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜிக்கும் காபிக்கும் நடுவே இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் பெண்ணின் தாய்மாமன். கிரிக்கெட், பாட்டு என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"கப்பல்" என்றேன்.

"வாங்குறதா, விக்கிறதா?"

"சும்மா... பாக்குறது சார்."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவர் காதில், எனக்கும் நன்றாகக் கேட்கும்படியாக, "மாப்பிள்ளைக்கு எந்த ஊருன்னு சொன்னீங்க?" என்றார்.

"திண்டிவனம்."

"திண்டிவனத்துல ஏதுங்க கப்பலு?"

நியாயமான கேள்வி. முப்பது வருஷமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான். திண்டிவனம் என்றால் புளியங்காடு. பெயரே அதிலிருந்து வந்ததுதான். புளிய மரத்திலிருந்து பேய் இறங்கி வரும் என்பார்கள், கப்பல் இறங்கி வருமா? மரக்காணம் கடற்கரைக்குப் போக பஸ்ஸில் சுமார் 35 கிலோமீட்டர். போனாலும் உப்பளமும் கட்டுமரமும் ஃபைபர் படகும்தான். கப்பல் தெரியாது. ஆனாலும் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. எப்படிப் பிடித்தது என்பதுதான் கதை.

ரோட்டில் போகும் கப்பல்

பைபாஸ் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு டீக்கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் இருப்பேன். கிளாஸ் கழுவுவதாகப் பேர். உண்மையில் லாரி பார்ப்பேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து தெற்கே போகும் கன்டெய்னர் லாரிகள். பச்சைப் பெட்டியில் 'எவர்கிரீன்', நட்சத்திரம் போட்ட பெட்டியில் 'மார்ஸ்க்', ஆரஞ்சுப் பெட்டியில் 'ஹபாக் லாய்டு'. ஒன்று தைவான், ஒன்று டென்மார்க், ஒன்று ஜெர்மனி. உலக வரைபடத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட ஜி.எஸ்.டி. ரோட்டில் படித்ததுதான் அதிகம்.

கன்டெய்னர் கதவைக் கவனித்திருக்கிறீர்களா? நாலு எழுத்து, பிறகு ஏழு எண் இருக்கும். நாலாவது எழுத்து பெரும்பாலும் 'யூ'. முதல் மூன்று எழுத்து, பெட்டி யாருடையது என்று சொல்லும். கடைசி எண் மட்டும் தனியாக ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். முன்னால் இருக்கும் எழுத்துக்களையும் எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்தக் கடைசி எண் வரவேண்டும். வராவிட்டால் எழுதியவர் எங்கோ தப்பு விட்டிருக்கிறார் என்று அர்த்தம். உலகம் பூரா இதே முறைதான். ஷாங்காயில் ஏற்றிய பெட்டி திண்டிவனத்தில் டீ குடிக்க நின்றாலும் தொலையாமல் இருப்பதன் ரகசியம் இது.

நோட்டுப் புத்தகத்தில் நம்பர்களை எழுதி வைத்துக்கொள்வேன். சித்தப்பா வருவோர் போவோரிடம், "பையன் ஆர்.டி.ஓ. ஆவான்போல இருக்கு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

தாத்தாவின் சதுரக் காசு

லாரி பார்த்தது இரண்டாம் பட்சம். முதல் வித்து தாத்தா போட்டது. விழுப்புரம் ஜங்ஷனில் போர்ட்டர். சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை.

விழுப்புரத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரியும் ஊர். புதுச்சேரிக் கிளை 1879-ல் போட்டது. ஆனால் தாத்தாவுக்கு இந்த ஐந்தும் பெரிசில்லை. அவர் சொல்வது ஆறாவது திசை. கொழும்பு!

"போட் மெயில்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எழும்பூரில் சாயங்காலம் கிளம்பும் ரயில். ஆரம்பத்தில் அது தூத்துக்குடிக்குப் போனது, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடிக்குத் திருப்பிவிட்டார்கள். ரயிலை விட்டு இறங்கினால் எதிரே கப்பல். 'இர்வின்', 'கோஷன்' என்று வெள்ளைக்காரத் துரைகள் பெயரில் நீராவிக் கப்பல்கள் ஓடின. கடலில் 22 மைல் போனால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் தயாராக நிற்கும். ரயில், கப்பல், மறுபடி ரயில். மூன்றுக்கும் சேர்த்து எழும்பூரிலேயே ஒரே டிக்கெட்! இன்றைக்கு நாம் ஆப்பில் ஆட்டோ பிடிப்பதற்குள் மூன்று முறை கேன்சல் ஆகிறது.

தூத்துக்குடியோ தனுஷ்கோடியோ, எங்கே போனாலும் போட் மெயில் விழுப்புரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். தாத்தா நிற்பது மூன்றாவது பிளாட்பாரம். "கொழும்பு" என்று பெயின்டில் எழுதிய டிரங்குப் பெட்டிகள் அவர் தலை மேல் ஏறும், இறங்கும். "மத்த ரயிலுல கரி வாசனை வரும். போட் மெயில்ல மட்டும் உப்புக் காத்து வரும்டா" என்பாராம். எழும்பூரிலிருந்து வந்த ரயிலில் உப்புக் காற்று எப்படி என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

ஒரு தடவை ஒரு கொழும்புப் பிரயாணி, சில்லறை இல்லையென்று ஒரு இலங்கைக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஐந்து சதம். காசு வட்டமாக இல்லை, முனை மழுங்கிய சதுரம். எந்தக் கடையிலும் வாங்கமாட்டேன் என்றுவிட்டார்கள். தாத்தா அதைச் சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி புயல் வந்தது. தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் ஆட்களோடு சேர்ந்து போயிற்று. தண்டவாளத்தைத் திரும்பப் போடவேயில்லை. அப்போது என் அப்பாவுக்கு ஒன்பது வயது. மறுநாள் தாத்தா வேலைக்குப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' கப்பல் போய் வந்தது. ஆனால் பெட்டிகளின் முகம் மாறிவிட்டது. அதே 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கணக்கு. நாலு தலைமுறை அங்கே கொழுந்து கிள்ளியவர்கள், பார்த்தேயிராத "சொந்த ஊரு"க்கு வந்து இறங்கினார்கள். அப்படி வந்த குடும்பங்களிடம் தாத்தா கூலி கேட்கமாட்டார் என்று அப்பா சொல்வார். "கப்பல்ல வந்தவங்ககிட்ட என்னத்தக் கேக்குறது, அவங்களே பெட்டியை இறக்கி வைக்க எடம் தேடிக்கினு இருக்காங்க" என்பாராம்.

1984-ல் அந்தக் கப்பலும் நின்றது. காரணம் உங்களுக்கே தெரியும். ரயில் மட்டும் ராமேஸ்வரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் இன்னமும் அதை "போட் மெயில்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாமனார் போனபிறகும் மாமனார் வீடு என்று சொல்வதில்லையா, அதுபோல.

எங்க ஊர் ராஜாவுக்கும் துறைமுகம் இருந்தது!

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு தமிழய்யா. வகுப்பில் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கப்பல் வரைவதைப் பிடித்துவிட்டார். காதைத் திருகுவார் என்று பார்த்தால், "கிடங்கல் தெரியுமாடா?" என்றார்.

தெரியாமல் என்ன? திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. என் அத்தை வீடே அங்கேதான்.

"அது ஓய்மாநாட்டு நல்லியக்கோடனோட தலைநகரம். சிறுபாணாற்றுப்படை அவனைப் பத்திப் பாடினது. அவனுக்கு எயிற்பட்டினம்னு ஒரு துறைமுகம் இருந்தது. இப்ப நம்ம மரக்காணம்னு சொல்றாங்க. அலை கொண்டுவந்து ஒதுக்கின அகில் கட்டை, ஒட்டகம் படுத்துத் தூங்குற மாதிரி கரையில கெடந்ததாம்!"

அதாவது, அத்தை வீட்டு ராஜாவுக்குத் துறைமுகம் இருந்திருக்கிறது! அன்றைக்கு எனக்கு வந்த திமிர் இன்னும் இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மரக்காணம் பஸ் ஏறினேன். அகில் கட்டையைக் காணோம். ரப்பர் செருப்பு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. இடது கால்.

பிற்பாடு புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டுக்கும் போனேன். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரி ஜாடிகளை வெளியே எடுத்த இடம். இத்தாலி நாட்டுத் திராட்சை ரசம் வந்து இறங்கிய ஆற்றங்கரை. அதே புதுச்சேரியிலிருந்து 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் நம் ஜனங்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவுக்குப் போயிருக்கிறது. அங்கே இன்றைக்கும் அவர்கள் வாரிசுகள் இருக்கிறார்கள். கப்பல் என்றால் ஜாலி மட்டுமில்லை என்று எனக்கு முதலில் உறைத்தது அந்தப் பெயரைப் படித்தபோதுதான்.

குரூப் எடுத்த தப்பு

பத்தாவது முடித்து பிளஸ் ஒன் சேரும்போது, "காமர்ஸ் எடு, பேங்க்ல உக்காரலாம்" என்றார் ஒரு உறவுக்காரர். எடுத்தேன். (பேங்கில் உட்கார்ந்திருக்கிறேன், டோக்கன் வாங்கிக்கொண்டு.) கப்பல் அதிகாரியாகவோ இன்ஜினீயராகவோ போக, பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் வேண்டும் என்பது எனக்கு பி.காம். இரண்டாம் வருஷத்தில்தான் தெரியும்! பத்தாவது படித்தவர்கள் ஜி.பி. ரேட்டிங் என்ற பயிற்சி முடித்து மாலுமியாகப் போகலாம், வயது இருபத்தைந்துக்குள் இருக்கவேண்டும் என்பது தெரிந்தபோது எனக்கு வயது இருபத்தாறு. பஸ் போனபின் கைகாட்டுவதில் எங்கள் பரம்பரைக்கே தனித்திறமை உண்டு.

என்னைவிட மோசமாக ஒருவன் மாட்டினான். கூடப் படித்தவன். பெயர் வேண்டாம். "மெர்ச்சன்ட் நேவியில் வேலை, சம்பளம் டாலரில்" என்று சென்னையில் ஒரு ஏஜென்ட் சொல்ல, அவன் அப்பா மணிலாக்கொட்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஏக்கரை விற்று இரண்டு லட்சம் கட்டினார். சர்டிபிகேட் வந்தது. யூனிபார்ம்கூட வந்தது. கப்பல் மட்டும் வரவில்லை. சர்டிபிகேட் போலி. ஏஜென்ட் ஆபீஸில் போய்ப் பார்த்தால் வேறு யாரோ ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். யூனிபார்மை அவன் அம்மா பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டாள்.

தம்பிகளே, இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் டைரக்டர் ஜெனரல் ஆஃப் ஷிப்பிங்கிடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற லைசென்ஸ் வாங்கியிருக்கவேண்டும். நம்பரைக் கேளுங்கள். அந்த டைரக்டரேட்டின் வெப்சைட்டில் சரிபாருங்கள். லைசென்ஸ் உள்ளவர்கள் வேலை கொடுப்பதற்கு உங்களிடம் கமிஷன் வாங்கக்கூடாது என்பது சட்டம். பயிற்சி நிலையத்துக்கும் அதே டைரக்டரேட் அங்கீகாரம் வேண்டும். அதிகாரிப் படிப்புக்கு இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு வைக்கிறது. 2008-ல் ஆரம்பித்தது, தலைமையகம் நம் சென்னையில்தான். "தேர்வெல்லாம் வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று எவனாவது சொன்னால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தப் பத்து ரூபாயோடு நஷ்டம் போகட்டும்.

மூட்டையைக் கடலில் போடு

காமர்ஸ் என்னை ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை. மெர்க்கன்டைல் லா புத்தகத்தில் மரைன் இன்ஷூரன்ஸ் என்று ஒரு பாடம் வந்தது. மற்றவர்கள் தூங்கினார்கள், எனக்குத் தலைதீபாவளி. அதில் 'ஜெனரல் ஆவரேஜ்' என்று ஒரு தத்துவம்.

விஷயம் இதுதான். ஒரு கப்பலில் உங்கள் புளி மூட்டையும் இருக்கிறது, என் நெல் மூட்டையும் இருக்கிறது. புயல். பாரம் குறைத்தால்தான் கப்பல் பிழைக்கும். கேப்டன் உங்கள் புளியைத் தூக்கிக் கடலில் போடுகிறார். கப்பல் பிழைத்தது, என் நெல்லும் பிழைத்தது. இப்போது நஷ்டம் உங்களுக்கு மட்டுமா? இல்லை. பிழைத்த சரக்குக்காரன் ஒவ்வொருவனும், கப்பல் முதலாளியும், அவரவர் மதிப்புப்படி பங்கு போட்டு உங்களுக்குக் கொடுக்கவேண்டும். ஆயிரக்கணக்கான வருஷமாகக் கடலில் இருக்கும் நியாயம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் உலகத்தையே நிறுத்தியதே 'எவர் கிவன்', அதற்கும் இதே முறைதான் அறிவித்தார்கள். (அந்தக் கப்பலில் இருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள்.)

பரீட்சையில் இந்தக் கேள்விக்கு ஏழு பக்கம் எழுதினேன். பத்துக்கு ஒன்பது கொடுத்தார்கள். மீதி ஒரு மார்க்கைக் கடலில் போட்டிருப்பார்கள்போலும்.

பட்டம் வாங்கியதும் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் வேலை. ஊரில் அம்மா, "பையன் கப்பல் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிக்கொண்டாள். நான் செய்தது பில் ஆஃப் லேடிங் டைப் அடிப்பது. மூன்று வருஷத்தில் ஆயிரக்கணக்கான கப்பல் பெயர்களை அடித்திருப்பேன். ஒன்றில்கூடக் கால் வைக்கவில்லை. மிட்டாய்க் கடைக் கணக்குப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் எப்படியோ, அப்படி.

2012 அக்டோபர் 31. நீலம் புயல். 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டி, பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. ஆபீஸுக்கு லீவு போட்டு ஓடினேன். வாழ்க்கையில் இவ்வளவு கிட்டத்தில் கப்பலைப் பார்த்ததில்லை. கடற்கரை முழுக்கத் திருவிழா. சுண்டல், பலூன், செல்போனில் போட்டோ. நானும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு மீனவப் பெரியவர், "உசுருக்குப் பயந்து போட்டுல எறங்கின பசங்க போட்டு கவுந்து போயிட்டானுங்க. இங்க பாரு, பலூன் விக்கிறான்" என்றார். மாலுமிகளில் சிலர் அப்படித்தான் இறந்துபோனார்கள். எல்லாம் என் வயதுப் பையன்கள். சுண்டல் தொண்டையில் நின்றுவிட்டது. பொட்டலத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

வாந்தியும் வைராக்கியமும்

கடைசியில் 2018-ல்தான் கப்பல் ஏறினேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேர். (2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பேர்.) சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று நாள். 'நான்கோரி' என்ற கப்பல். பங்க் கிளாஸ். ஒரு பெரிய ஹாலில் அடுக்கடுக்காகப் படுக்கை. ரயிலின் செகண்ட் கிளாஸ் ஸ்லீப்பரைப் பத்துப் பங்கு பெரிதாக்கி, தாலாட்டத் தொடங்கினால் எப்படியோ அப்படி.

கரை மறைந்ததும் மேல்தளத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ராஜேந்திர சோழன் மாதிரி பார்த்தேன். நாற்பது நிமிஷம். அதற்குப் பிறகு மூன்றாம் நாள் காலைவரை நான் பார்த்தது ஒரு பிளாஸ்டிக் வாளியை.

இது ஏன் வருகிறது தெரியுமா? காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுறோம்" என்கிறது. அறைக்குள் சுவரைப் பார்க்கும் கண், "ஒண்ணும் ஆடலியே" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பி வயிற்றுக்குத் தண்டனை கொடுத்துவிடுகிறது. வெளியே வந்து தூரத்து அடிவானத்தைப் பார்த்தால் இரண்டும் சமாதானமாகும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. இதையெல்லாம் எனக்குச் சொல்லி, எலுமிச்சம்பழம் கொடுத்துக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனவர் ஒரு மாலுமி. பேச்சுக் கொடுத்தால், செஞ்சிப் பக்கத்துக்காரர்!

"சரக்குக் கப்பல்ல இருந்தேன் தம்பி. ஒம்போது மாசம் ஒரு காண்ட்ராக்ட்டு. பெரிய பொண்ணு பொறந்தப்ப நடுக்கடல்ல இருந்தேன். சேதி வந்து சேர மூணு நாள் ஆச்சு. நான் போய்ப் பாக்கறப்ப அது உக்காந்துக்கினு இருக்குது. என்னைப் பாத்துட்டு வீல்னு கத்துச்சு. அதான் இந்த அந்தமான் லைனுக்கு வந்துட்டேன். மாசத்துக்கொரு தபா ஊட்டுக்குப் போவலாம்."

பிறகு அவரே கேட்டார். "நீங்க எதுக்கு இதுல வர்றீங்க? பிளைட்டுல ரெண்டரை மணி நேரந்தானே?"

"ஆசை" என்றேன். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அப்பாவின் மூட்டை

ஊருக்குத் திரும்பி எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்பித்தேன். அப்பா புளி மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். அதிகம் பேசமாட்டார். பறக்கும் மீனைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு வெளியே போய்விட்டார்.

அம்மாதான் அடுப்படியில் மெல்லச் சொன்னாள். "அவருக்கும் எம்பத்திமூணுல கப்பல்ல வேலை வந்துச்சுடா. சமையக்கட்டுல எடுபிடி. பாம்பேக்கு வரச்சொல்லி லெட்டரே வந்துச்சு. அப்பதான் உங்க தாத்தாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சு. அத்தை ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆவல. லெட்டரை மடிச்சு அரிசிப் பானைக்கு அடியில வெச்சாரு. மண்டிக்குப் போனாரு. இன்னிவரைக்கும் அதைப் பத்தி ஒரு பேச்சு கெடையாது."

முப்பத்தைந்து வருஷம்! நான் கப்பல் கப்பல் என்று உளறியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார்.

எனக்கு அந்த மரைன் இன்ஷூரன்ஸ் பாடம் ஞாபகம் வந்தது. புயலில் அப்பா தன் மூட்டையைக் கடலில் போட்டார். இரண்டு அத்தைகளும், நானும், என் பி.காம். பட்டமும் பிழைத்துக் கரை சேர்ந்தோம். பங்கு போட்டு நஷ்டத்தைக் கொடுக்கவேண்டியவர்கள் யாரும் இதுவரை கொடுக்கவில்லை.

2023 அக்டோபர் 14-ம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். 'செரியபாணி'. சில நாளிலேயே கடல் சரியில்லை என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல். 150 பேர் உட்காரலாம், நாலு மணி நேரத்தில் அக்கரை. அந்த நாகப்பட்டினமும் லேசுப்பட்ட ஊரில்லை. 1926-ல் கட்டிய 'ரஜூலா' கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு, படகில் வரும் ஜனத்தை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன துறை அது. ஐயாயிரத்துக்கும் மேல் தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்ற கப்பல்! 1973-ல் அது ஓய்ந்தது. பிறகு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்கள் போயின. அத்தோடு அந்தப் பாதை மூடியது.

அப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தேன். அறுபத்தொன்பது வயதில் முதல் பாஸ்போர்ட். போலீஸ் விசாரணைக்கு வந்த ஏட்டு, "பெரியவரே, எங்க போறீங்க?" என்றதற்கு அப்பா, "வேலைக்கு இல்ல" என்றார். எனக்கு மட்டும்தான் அது புரிந்தது.

2024 நவம்பரில் போவதாக இருந்தோம். மழைக்காலம், கப்பலை நிறுத்திவிட்டார்கள். "வேணாம்டா, நமக்கு ராசியில்ல" என்றார். விடவில்லை. 2025-ல் மறுபடி ஓடத் தொடங்கியதும், கோடையில் கூட்டிப்போனேன். கப்பலைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது, "இன்னாடா இது, கப்பல்னா புகைபோக்கி பெரிசா இருக்க வேணாமா?"

நாலு மணி நேரமும் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை கண்ணைத் துடைத்தார். வெயில் என்றார். வாந்தி எடுத்தது வழக்கம்போல நான்தான். முதுகைத் தடவிவிட்டபடியே, "இதுல நீ மாலுமி ஆவப் பாத்தியா?" என்றார்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. காசு கொடுக்கும்போது அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், தாத்தாவின் சதுரக் காசு! எனக்குத் தெரியாமல் சாமி மாடத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

கல்லாவிலிருந்த முதியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது எங்கட பழைய அஞ்சு சதமெல்லோ! எங்க எடுத்தனீங்கள் ஐயா?"

"விழுப்புரத்துல. மூணாவது பிளாட்பாரத்துல."

அப்பா முழுக்கதையும் சொன்னார். தாத்தா, போட் மெயில், டிரங்குப் பெட்டி எல்லாம். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரர் காசைத் திருப்பிக் கையில் வைத்தார். "இனி இது செல்லாது ஐயா. கவனமா வைச்சிருங்கோ. தேத்தண்ணிக்குக் காசு வேண்டாம்."

எழுபது வருஷம் கழித்து அந்தக் காசுக்கு இரண்டு டீ கிடைத்தது. தாத்தா கணக்கு நேராகிவிட்டது. என் கணக்கில் இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தப் பெண் பார்த்த விஷயம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கட்டிக் கொடுத்துவிட்டார்கள். "கப்பல் பாக்குறவன்னா கெட்ட பழக்கம் இருக்காது, அதுக்கு இங்க வசதி இல்ல" என்று தாய்மாமன் சிபாரிசு செய்தாராம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வீட்டில் இல்லை. சித்தப்பா டீக்கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னார்.

"இப்பத்தாண்டா ஒரு பச்சப் பெட்டி போச்சு. கட்டத்துக்குள்ள ஏழுன்னு போட்டிருந்துச்சு. நீ கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாது?"